வெட்டாமல் விட்ட நடை

சமீரா மக்மல்பஃப் இயக்கி 2000இல் வந்த 'பிளாக்போர்ட்ஸ்' படம் ஒரு மலைப்பாதையில் தொடங்குகிறது. ஈரான், ஈராக் எல்லையோரம். குர்து இன ஆசிரியர்கள் ஆளுக்கொரு கரும்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு கூட்டமாக ஏறி வருகிறார்கள். பள்ளி என்று ஒன்று மிச்சமில்லை. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு ஏதாவது சாப்பிடக் கிடைத்தால் போதும் என்று கிளம்பியவர்கள்.

எடிட்டிங் மேசையில் காலம் தள்ளுகிற ஆள் என்பதால் என் கண் முதலில் அவர்கள் கால்களின் மேல்தான் போகும். சரளை சறுக்குகிறது. காற்று பலகையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. நடப்பவர் நின்று, சுமையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி அடி எடுத்து வைக்கிறார். சாதாரணமாக நாங்கள் இந்த நடையில் முதல் இரண்டு அடியையும் கடைசி இரண்டு அடியையும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதை எடுத்துவிடுவோம். இந்தப் படத்தில் நடு அப்படியே இருக்கிறது. ஒரு கிராமத்துக்கு எழுத்து போய்ச் சேர எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது, யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே, பார்க்கிறவரின் முதுகுக்குத் தெரிந்துவிடுகிறது.

கிராமத்துப் படிப்பு, வறுமை, ஆயுதச் சண்டை மூன்றும் சேர்ந்து வரும் படங்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த நடுப்பகுதியைப் பற்றித்தான். வறுமையில் பெரும்பங்கு நேரம். தண்ணீர் எடுக்க ஆகும் நேரம், விறகு பொறுக்க ஆகும் நேரம், ஒரு நோட்டு வாங்கும் அளவுக்குக் காசு சேர ஆகும் நேரம். நேரத்தைச் சுருக்குவது எங்கள் தொழில். ஆகவே வறுமையைத் திரையிலிருந்து துடைத்துப்போட எங்களால் முடிகிற அளவுக்கு நடிகராலும் முடியாது, ஒளிப்பதிவாளராலும் முடியாது. கிழிந்த சட்டை, ஒழுகும் கூரை, புழுதி எல்லாம் படத்தில் இருக்கும். வறுமை மட்டும் இருக்காது.

'பிளாக்போர்ட்ஸ்' கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றபோது சமீராவுக்கு வயது இருபது. படத்தில் இரண்டு ஆசிரியர்கள் பிரிந்து போகிறார்கள். ஒருவர், எல்லை தாண்டிக் கடத்தல் சாமான் சுமக்கும் சிறுவர்களின் பின்னால் போகிறார். படிக்க வாருங்கள் என்று கெஞ்சுகிறார். முதுகில் மூட்டையோடு நிற்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஆசிரியரின் பெயரையே கொண்ட ஒரு சிறுவன் மட்டும் தன் பெயரை எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். நடந்துகொண்டே பாடம் நடக்கிறது. இன்னொரு ஆசிரியர், சொந்த மண்ணுக்குப் போய்ச் சாக வேண்டும் என்று எல்லையைத் தேடி அலையும் கிழவர்களோடு சேர்ந்துகொள்கிறார். அவர்களின் ஊர் ஹலப்ஜா. 1988 மார்ச் 16 அன்று சதாம் உசேனின் விமானங்கள் நச்சு வாயுக் குண்டுகள் வீசி, ஏறக்குறைய 5,000 பேரைக் கொன்ற ஊர்.

அந்தக் கரும்பலகை பாடம் எழுதப் பயன்படும் நேரம் படத்தில் மிகக் குறைவு. நோயாளியைத் தூக்கும் கட்டிலாகிறது. துணி காய்கிறது அதன் மேல். விமானத்தின் கண்ணில் படாமல் இருக்கச் சேறு பூசிக்கொள்கிறது. கால் ஒடிந்த பையனுக்கு அதில் ஒரு துண்டை வெட்டித்தான் கட்டுப்போடுகிறார்கள். கல்யாணத்தில் மணமகளுக்குத் தரும் மஹரும் அதுவே. போர் நடக்கும் இடத்தில் படிப்புக்கு என்ன ஆகிறது என்பதை இதைவிடக் கைக்கு அருகில் கொண்டுவந்து யாரும் காட்டி நான் பார்க்கவில்லை.

சென்னையில் ஆவணப்படங்களும் குறும்படங்களும்தான் என் பிழைப்பு. ரஃப் கட் என்கிற முதல் தொகுப்பைப் பார்த்ததும் பணம் போட்டவர்கள் முதலில் சொல்வது, 'இந்த இடத்துல லேக் அடிக்குதுங்க.' பெரும்பாலும் அந்த இடத்தில் யாராவது வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியைப் பற்றிய படத்தைத் தொகுத்தபோது வந்த ஒரு ஷாட்டைச் சொல்கிறேன். அங்கே போர் எதுவும் கிடையாது. மழைக்காலம். வகுப்பு தொடங்கிவிட்டது. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையிலிருந்து கேரி பேக்கில் சுற்றிய நோட்டை எடுக்கிறாள். கைப்பிடிகளை இரட்டை முடிச்சாகப் போட்டிருக்கிறாள். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடக்கிறது. நகத்தால் நெம்பிப் பார்க்கிறாள், வரவில்லை. பல்லால் கடித்து இழுக்கிறாள். கிழித்தால் ஒரு நொடி வேலை. கிழிக்கவில்லை, ஏனென்றால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அதே கவர் வேண்டும். பின்னால் ஆசிரியை கணக்கைச் சொல்லிக்கொண்டே போகிறார். முடிச்சு அவிழும்போது பலகையில் அடுத்த கணக்கு ஏறிவிட்டது. அவள் முந்தைய கணக்கை எழுதத் தொடங்குகிறாள்.

நாற்பது விநாடி, ஒரே ஷாட். ஐந்து விநாடியாகக் குறைக்கச் சொன்னார்கள். ஐந்து விநாடியில் அது 'ஏழைச் சிறுமி நோட்டை எடுக்கிறாள்' என்ற தகவல். நாற்பது விநாடியில், அவள் ஏன் வகுப்பில் பின்தங்குகிறாள் என்பதற்கான காரணம் கண்ணெதிரே நடக்கிறது. இயக்குநர் என் பக்கம் நின்றார், ஷாட் முழுதாக இருந்தது. அதற்கு வேறு இடத்தில் விலை கொடுத்தோம். கல்வியின் அவசியம் பற்றிய ஒரு பேட்டி முழுதாகப் போனது. மலையைச் சுற்றிவரும் ட்ரோன் காட்சியும் போனது. ஒளிப்பதிவாளருக்கு ட்ரோன் போனதில் வருத்தம். நியாயமான வருத்தம்தான், நல்ல வெளிச்சத்தில் எடுத்த காட்சி.

விலை கொடுப்பது என்று சொன்னதை இந்த மலைநாட்டுப் படங்களில்தான் கற்றுக்கொண்டேன். 'பிளாக்போர்ட்ஸ்', பஹ்மன் கோபாதியின் 'எ டைம் ஃபார் ட்ரங்கன் ஹார்ஸஸ்', சமீராவின் தங்கை ஹானா எடுத்த 'புத்தா கொலாப்ஸ்டு அவுட் ஆஃப் ஷேம்' ஆகிய மூன்றுமே ஒன்றரை மணி நேரத்தைத் தொடாதவை. நடையையும் சுமையையும் அவ்வளவு நிதானமாகக் காட்டும் படங்கள் எப்படி இவ்வளவு சிறியதாக முடிகின்றன? விளக்கம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். எல்லை எப்படி வந்தது, யார் யாரோடு சண்டை, எந்தத் தலைவர் என்ன சொன்னார், ஒன்றும் கிடையாது. முன்கதை கிடையாது. வில்லன் கிடையாது. அங்கே மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் பிள்ளைகளின் கைகளுக்குச் செலவழித்திருக்கிறார்கள்.

கோபாதி குர்து இனத்தவர். 'பிளாக்போர்ட்ஸ்' படத்தின் ஆசிரியர்களில் ஒருவராக நடித்தவரும் அவரே. அவரது 'ட்ரங்கன் ஹார்ஸஸ்' அதே ஆண்டு கானில் முதல் படத்துக்கான கேமரா தோர் விருதைப் பகிர்ந்துகொண்டது. தாய் இல்லை, தகப்பன் கண்ணிவெடியில் செத்துப்போகிறார். அயூப் என்ற சிறுவன் படிப்பை விட்டுவிட்டு, எல்லை தாண்டிச் சாமான் ஏற்றிப்போகும் கூட்டத்தில் சேர்கிறான். உடல் வளராத அண்ணன் மாதிக்கு அறுவை சிகிச்சை செய்யப் பணம் வேண்டும். கடும் பனியில் கோவேறு கழுதைகள் நடக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரில் சாராயம் கலந்து கொடுக்கிறார்கள். தலைப்புக்குக் காரணம் அதுதான்.

படத்தின் தொடக்கத்தில், சந்தையில் கூலிவேலை முடித்துப் பிள்ளைகள் லாரியில் திரும்புகிறார்கள். சட்டைக்குள் நோட்டுப் புத்தகங்களை ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். எல்லைக் காவலர்கள் வண்டியை நிறுத்தி அவற்றைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். எழுதாத வெற்று நோட்டு கடத்தல் பொருளாகிவிட்ட ஊர் அது. இந்தக் காட்சிக்கு சோக இசை போட்டிருந்தால் நாம் பிள்ளைகளுக்காகப் பரிதாபப்பட்டுவிட்டு அடுத்த காட்சிக்குத் தயாராகிவிடுவோம். இசையில்லாததால் ஒரு கேள்வி தங்குகிறது: அந்த நோட்டு என்ன விலை? பின்னால் அயூப் தன் தங்கைக்கு ஒரு நோட்டு வாங்கித் தரும்போது, அதற்கு எத்தனை மூட்டை சுமந்திருப்பான் என்று நாமே கணக்குப் போடுகிறோம். தான் விட்ட படிப்பைத் தங்கை விடக் கூடாது என்று அவன் வசனம் பேசவே வேண்டாம்.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. எடிட்டிங்கின்போது தற்காலிகமாக ஒரு இசையைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். கிராமத்துப் பள்ளி என்றதும் கை தானாகப் புல்லாங்குழலைத் தேடும். அதைப் போட்ட நொடியில் காட்சி இனித்துவிடும், அப்புறம் அந்த இனிப்பு இல்லாமல் யாருக்கும் பார்க்கப் பிடிக்காது. அதனால் இப்போதெல்லாம் இசையே இல்லாமல் முழு ரஃப் கட்டையும் முடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுகிறேன். செருப்புச் சத்தம், கோழி, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது, காற்று. இவை போதாத இடம் இருந்தால் ஷாட்டில்தான் ஏதோ குறை இருக்கும்.

போரும் இந்தப் படங்களில் பெரும்பாலும் காதுக்குத்தான் வருகிறது. 'பிளாக்போர்ட்ஸ்' படத்தில் துப்பாக்கிச் சூடு கேட்கும், சுடுகிறவனைத் தேடினால் கிடைக்க மாட்டான். எதிராளியின் முகத்துக்கு ஒரு ஷாட் வெட்டினால் போதும், பார்வையாளருக்கு ஆறுதல் வந்துவிடும். யார்மேல் கோபப்படுவது என்று தெரிந்துவிடும். மலையில் மூட்டை சுமக்கும் பிள்ளைக்கு அந்த ஆறுதல் கிடையாது. அதனால் நமக்கும் தரக் கூடாது என்று முடிவெடுத்தவர்களை நான் மதிக்கிறேன்.

ஹானா மக்மல்பஃப் வேறு வழியில் போனார். 2007இல் வந்த அவரது படம் ஆப்கானிஸ்தானின் பாமியானில் நடக்கிறது. 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்த புத்தர் சிலைகள் இருந்த பாறைக் குகைகளில் ஏழைக் குடும்பங்கள் வாழ்கின்றன. பக்தாய் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குப் பள்ளிக்குப் போக ஆசை. பக்கத்துக் குகைப் பையன் படித்துச் சிரித்த கதையைத் தானும் படிக்க வேண்டும். நோட்டு வாங்க முட்டைகளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறாள். வழியில் சில உடைகின்றன. முட்டையைக் கேட்பார் இல்லை. முட்டை ரொட்டியாகிறது, ரொட்டி காசாகிறது, காசு நோட்டாகிறது. பென்சிலுக்குக் காசு போதவில்லை. எழுத அம்மாவின் உதட்டுச்சாயம் இருக்கிறது. இந்தப் பண்டமாற்று முழுவதையும் ஒரு படியும் தாண்டாமல் காட்டுகிறார். பிறகு வழிமறிக்கும் சிறுவர்கள் தாலிபான் விளையாட்டு விளையாடுகிறார்கள். குச்சிதான் துப்பாக்கி. நோட்டின் தாள்களைக் கிழிக்கிறார்கள், கல்லெறிந்து கொல்லக் குழி தோண்டுகிறார்கள். இன்னொரு நேரம் அவர்களே அமெரிக்கர்களாகிறார்கள். பெரியவர்களின் போர் பிள்ளைகளின் விளையாட்டில் என்ன மிச்சம் வைத்திருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்தப் படத்தின் முடிவு எனக்கு ஒப்பவில்லை. செத்துப்போ, செத்தால்தான் விடுவார்கள் என்று பக்கத்துக் குகைப் பையன் கத்துகிறான், அவள் விழுகிறாள், சிலை மறுபடி வெடித்துச் சரிகிறது. அதுவரை முட்டையையும் நோட்டையும் நம்பிய படம், கடைசியில் பார்வையாளரை நம்பாமல் போய்விட்டது. என் மேசையில் இருந்திருந்தால் வெடிப்பை வெட்டச் சொல்லி வாதாடியிருப்பேன்.

நம் படங்களில் உழைப்பு பெரும்பாலும் பாட்டுக்குள் போய்விடுகிறது. 1966ஐக் களமாக வைத்துச் செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பற்றி சற்குணம் எடுத்த 'வாகை சூட வா' (2011) எனக்குப் பிடித்த படம். மண்ணும் சூளையும் கண்ணில் நிற்கின்றன. சேற்றைப் பிசைந்து அச்சில் அடித்துச் செங்கல் அறுக்கும் ஒரு பிள்ளையோடு, ஒரு கல் முடியும்வரை, பாட்டில்லாமல் கூட இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் எனக்கு உண்டு. துண்டு துண்டாகக் கோத்துக் காட்டும் மாண்டேஜ், வேலையை அழகாக்கும், அதன் நீளத்தை மறைத்துவிடும்.

ஆயுதச் சண்டையோடு சேர்ந்த பள்ளி என்றால் நம் நாட்டில் சத்தீஸ்கரின் பஸ்தர்தான் முதலில் நினைவுக்கு வரும். பாதுகாப்புப் படைகள் பள்ளிகளில் முகாமிட்டன, மாவோயிஸ்ட்டுகள் பள்ளிக் கட்டடங்களைத் தகர்த்தார்கள், மூங்கில் தட்டிகளால் ஆன உறைவிடப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் போனார்கள். படைகள் பள்ளிகளைக் காலிசெய்ய வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அமித் மசுர்கரின் 'நியூட்டன்' (2017) படத்தில் சத்தீஸ்கர் காட்டுக்குள் பாழடைந்த ஒரு பள்ளியைப் பெருக்கி வாக்குச்சாவடி ஆக்குகிறார்கள். பெருக்கும் அந்த நேரம் படத்தில் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை. அந்தப் பள்ளிக்கு என்ன நடந்தது என்று பெருக்குகிற விளக்குமாறே சொல்லிவிடுகிறது.

இன்னும் ஒன்று, அழுகை. ஆவணப்பட ஃபுட்டேஜில் பிள்ளைகள் அழும் இடம் எப்போதும் இருக்கும். கேமரா கிட்டே போயிருக்கும், ஏனென்றால் எடுப்பவருக்கும் வேண்டிய ஷாட் கிடைத்துவிட்டது என்று தெரியும். அழுகிற பிள்ளை கேமராவைப் பார்க்கும் ஒரு கணம் அதில் வரும். 'போதும்' என்று கேட்கும் பார்வை. அது தெரிகிற ஷாட்டை நான் பயன்படுத்துவதில்லை, அதற்கு முன்பே வெட்டிவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவேன். பணம் போட்டவர்கள் அந்த ஷாட்டைக் கேட்பார்கள். ட்ரெய்லருக்காவது வேண்டும் என்பார்கள். கொடுக்க முடியாது. அந்தப் பிள்ளை வளர்ந்து, ஊரில் யாரோ ஒருவர் கைபேசியில் அதைக் காட்டும் நாளில், நாம் யாரும் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

மலைக்கும் காட்டுக்கும் பள்ளிக்கூடங்களைப் படமெடுக்கப் போகும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பிள்ளை வீட்டுவாசலில் கிளம்புவதையும் பள்ளியில் நுழைவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். நடுவில் உள்ள வழி முழுவதும் கூட நடங்கள். முதுகில் நீங்களும் ஏதாவது சுமந்துகொள்ளுங்கள். ஒலிப்பதிவாளருக்குச் செலவு என்று அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ட்ரோனை விட்டுவிட்டுப் போங்கள். பள்ளி முதல்வரின் பேட்டி பத்து நிமிடம் போதும். எடுத்ததை நீங்களே குறைக்காமல், முழு நடையையும் எடிட்டரிடம் கொடுங்கள். லேக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.