பெத்லகேமிலும் ஒரு பங்கு இருக்கிறது

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பங்குக் கோயில் அறிவிப்புப் பலகையில் ‘புனித நாடு திருப்பயணம்’ என்ற நோட்டீஸ் ஒட்டியிருப்பது இப்போது புதுமையல்ல. கெய்ரோ, சீனாய் மலை, எருசலேம், பெத்லகேம், நாசரேத், கலிலேயக் கடல், ஜோர்டானில் நேபோ மலை என்று பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். 2011-12இல் தமிழக அரசு எருசலேம் பயணத்துக்கு ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில் அது 37,000 ஆகவும், கன்னியருக்கு 60,000 ஆகவும் உயர்ந்தது. மானியம் போக மீதிச் செலவு பெரிதுதான். ஆனாலும் ஓய்வூதியப் பணத்தை எடுத்தாவது போய்வர நினைப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. என் குறை வேறு. அந்த மண்ணில் இன்று வாழ்கிற கிறிஸ்தவர் ஒருவரோடுகூட உட்கார்ந்து பேசாமலே பயணம் முடிந்துவிடுகிறது.

இது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஏற்பாடே அப்படி. புனிதத் தலங்களில் பூசை வைக்க, அவற்றைப் பராமரிக்கும் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். ஒதுக்கிய சிற்றாலயத்தில் ஒதுக்கிய நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அடுத்த நாட்டுக் குழு வெளியே காத்துக்கொண்டிருக்கும். ஆக, தினமும் பூசை உண்டு. ஆனால் தினமும் நம்ம சாமியார், நம்ம பாட்டு, நம்ம ஆட்கள். பெத்லகேமில் நான்கடி உயர வாசலில் குனிந்து பிறப்பிட ஆலயத்துக்குள் நுழைகிறவர்கள், கீழே குகையில் வெள்ளி விண்மீனை முத்தி செய்துவிட்டு, பக்கத்திலுள்ள புனித கத்தரீன் ஆலயத்தையும் சுற்றிப் பார்க்கிறார்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையைத் தொலைக்காட்சியில் காட்டுவார்களே, அதே ஆலயம். அது ஒரு பங்குக் கோயில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கேயும் ஞானஸ்நானம் உண்டு, கல்யாணம் உண்டு, சாவு மணி உண்டு. ஒலிவ மலையில், கர்த்தர் கற்பித்த செபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பதிக்கப்பட்ட கோயிலில், தமிழ்ப் பலகையைத் தேடிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அரபுப் பலகைக்கு உரியவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒலிவ மரச் சிலுவை விற்கும் கடையில், விலை கேட்கும்போது மட்டும் அவர்களைப் பார்க்கிறோம்.

மதுரைப் பக்கத்து மனிதருக்கு யாத்திரை என்றால் இப்படி இருந்ததே இல்லை. சித்திரையில் அழகர் மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்றுதான் வைகைக்கு வருகிறார். வழியிலிருக்கும் சனங்களைக் கழித்துவிட்டால் அந்தத் திருவிழாவில் என்ன மிஞ்சும்? காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு யார் யாரோ வழியில் மோர் ஊற்றுகிறார்கள். சாதி மதம் கேட்பதில்லை. ஓரியூரில் அருளானந்தர் கோயிலுக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். அந்த அருளானந்தர், லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, 1687இல் போர்ச்சுகல் திரும்பினார். அரசர் அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பியும் மறவர் நாட்டுக்கே மீண்டு வந்து, 1693 பிப்ரவரி 4இல் தலை கொடுத்தார். அவருக்கு முன்பே, 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழ் கற்றார். வந்த ஊரின் மனிதரோடு கலப்பதுதான் மதுரை மிஷனின் தொடக்கம். அந்த மிஷனின் பிள்ளைகள் கண்ணாடி ஏற்றிய ஏசி பஸ்ஸில் பெத்லகேமைக் கடந்துபோவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

‘யேசு நடந்த இடத்தைப் பார்க்கப் போகிறோம், ஊர்க்காரர்களைப் பார்க்கவா?’ என்று கேட்பார்கள். இன்னொரு பக்கம், கடவுள் எங்கும் இருக்கும்போது எருசலேம் எதற்கு என்பவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வி மிகப் பழையது. 4ஆம் நூற்றாண்டிலேயே நீசா ஊர் ஆயர் கிரகோரி, இடம் மாறுவதால் கடவுள் கிட்டே வந்துவிடுவதில்லை என்று வாதிட்டிருக்கிறார். எனக்கு அவர் சொன்னதில் பாதிதான் சம்மதம். வெறும் இடத்துக்காகப் போனால் அவர் சொன்னதே சரி. ஆனால் அந்த இடத்தில் முதல் நூற்றாண்டு தொட்டு இன்றுவரை விசுவாசத்தை விடாமல் காத்துவரும் ஒரு கூட்டம் இருக்கிறது. யேசு நடந்த தெருவுக்கு அவர்களும் ஒரு சாட்சி. ஒரு காலத்தில் பெத்லகேமில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் இன்று சிறுபான்மை. இளையவர்கள் வெளிநாடு போய்க்கொண்டே இருக்கிறார்கள். கல் அங்கேயேதான் இருக்கும், மனிதர்கள் இருப்பார்களா என்பது சந்தேகம். நேரமில்லை, மொழி தெரியாது என்பவை சின்னத் தடைகள். பூசையின் ஒழுங்கு எங்கும் ஒன்றே, அரபு தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்பது தெரியும். பாதுகாப்பைப் பற்றிய பயம் மட்டும் நியாயமானது; போர் நடக்கும்போது யாரையும் போகச் சொல்லவில்லை.

2023 அக்டோபருக்குப் பிறகு திருப்பயணிகள் வரத்து நின்றபோது, அவர்களை நம்பிப் பிழைத்த பெத்லகேம் குடும்பங்கள் வருமானமில்லாமல் தவித்தன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கோயில் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம்கூட வைக்கவில்லை. காசாவிலுள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்துக்குத் திருத்தந்தை பிரான்சிஸ், தாம் இறக்கும்வரை ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். புனித நாட்டைப் பற்றி அவர் பேசிய எல்லாவற்றையும்விட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது. நமக்கும் அவர்களுக்கும் ஏற்கெனவே ஒரு கொடுக்கல் உண்டு: பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்துவிட்டுத் தட்டில் போடும் காசு, உலகமெங்கும் புனித நாட்டுத் திருச்சபைக்காகப் பிரிக்கப்படுவது. 1974இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த ஏற்பாட்டை உறுதிப்படுத்தினார். எருசலேமைக் கனவிலும் காணாத அன்பியத்துப் பாட்டியும் அதில் பங்கு போட்டிருக்கிறார்.

பயணத்துக்கு ஆள் சேர்க்கிற பங்குத்தந்தையருக்கும் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்ட்டிடம் பேசி, கடைக்குப் போகும் ஒரு சனிக்கிழமை மாலையை வெட்டிவிடுங்கள். அந்த மாலையில் பெத்லகேமிலோ நாசரேத்திலோ உள்ளூர்ப் பங்கு மக்களின் பூசையில் கடைசி வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் வாசலில் நின்று, மதுரையிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.