மார்கழியில் தெற்கு நோக்கி

இரத்தோட்டையிலிருந்து கதிர்காமம் செல்வதற்கு வழி ஒன்றன்று, நான்கு உண்டு. அவற்றுள் எது பாதுகாப்பானது என்னும் வினா 2024ஆம் ஆண்டு மார்கழியில் எங்கள் வீட்டின் மூன்று இரவுகளை விழுங்கிவிட்டது.

அவ்வாண்டு ஆவணியில் தந்தையாருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது. பிழைத்து எழுந்தால் கந்தன் சந்நிதிக்கு அழைத்து வருவதாகத் தாயார் நேர்ந்திருந்தார். எங்கள் கதிர்காமப் பயணம் எப்போதும் ஆடி விழாவையொட்டியே அமைவது வழக்கம். ஆயினும், நேர்த்திக்கடனை அடுத்த ஆடி வரை வைத்திருக்கத் தாயாருக்கு மனம் ஒப்பவில்லை. “கடனைக் கையில வச்சிக்கிட்டு எப்படி நித்திரை கொள்ளுறது?” என்றார். ஆகவே மார்கழி என்று முடிவாயிற்று.

வாகனம் மாமாவினுடைய பழைய டொல்பின் வான். தந்தையாரால் நெடுநேரம் நிமிர்ந்து அமர இயலாது என்பதால், பின்னாசனங்களைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை விரித்தோம். சிறியதொரு காஸ் அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கான்கள், மருந்துப் பெட்டி, பாய், தலையணை என்று குடித்தனத்தின் பாதி அதனுள் ஏறிவிட்டது. சுவிற்சர்லாந்தில் வாழும் என் ஒன்றுவிட்ட அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, “இதைத்தான் இங்கே மோட்டார்ஹோம் என்கிறார்கள்” என்று சிரித்தார். குளிர் தொடங்கியதும் அந்நாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இத்தகைய வீட்டு வண்டிகளில் தெற்கே இத்தாலிக்கும் இசுப்பானியாவுக்கும் இறங்கிவிடுவார்களாம். அவர்கள் முதலில் கேட்பது தூரத்தையன்று. கணவாய் திறந்திருக்கிறதா என்பதையே. 2,106 மீற்றர் உயரத்திலுள்ள கொத்தார்த் கணவாய் பனிக்காலத்தில் மூடப்பட்டுவிடும். அப்போது 1980இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நீளமான சுரங்கப்பாதையே அவர்களுக்குக் கதி. நம் நாட்டில் பனி இல்லை, மழை உண்டு. கணவாய்க்குக் கதவுதான் இல்லை.

நான்கு வழிகளையும் சொல்லிவிடுகின்றேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்தே மேலேறி, றிவர்ஸ்டன் மேட்டைக் கடந்து, இலுக்கும்புறை, லக்கலை வழியே மகியங்கனைப் பக்கம் இறங்குவது முதலாவது. கண்டி சென்று, தெல்தெனியா, ஹுன்னஸ்கிரியா, உடுதும்பறை கடந்து, பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற இறக்கத்தால் மகியங்கனையை அடைந்து, பிபிலை, மொனராகலை, புத்தளை வழியாகச் செல்வது இரண்டாவது. நுவரெலியா, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய என்று மலைநாட்டை ஊடறுப்பது மூன்றாவது. நான்காவதோ பெருஞ் சுற்று: கட்டுகஸ்தோட்டையில் திரும்பிக் கலகெதரை வழியே குருநாகல்; அங்கிருந்து 2022இல் திறக்கப்பட்ட அதிவேக வீதியில் மீரிகமை; பின்னர் கடவத்தை; கொழும்பைத் தொடாமல் வெளிச்சுற்று வீதியால் கொட்டாவை; அதன்பின் 2020இல் அம்பாந்தோட்டை வரை நீடிக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதி; இறுதியில் திசமகாராமையூடாகக் கதிர்காமம்.

நான் முதலாம் வழியின் கட்சி. கையிலிருந்த தொலைபேசி வரைபடம் அதைக் குறுகியதெனக் காட்டியது. அதைவிட வேறு ஆதாரம் என்னிடம் இருக்கவில்லை. தந்தையார் இரண்டாம் வழியின் கட்சி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆடிதோறும் அவர் சென்ற பாதை அது. ஹுன்னஸ்கிரியாவில் தேநீர் குடிக்கும் கடை, வளைவுகளின் அடியில் வண்டியை நிறுத்திச் சில்லில் கைவைத்துச் சூடு பார்க்கும் இடம், மகியங்கனையில் குளிக்கும் துறை எல்லாம் அவருக்கு மனப்பாடம். “ஒரு தடவையாவது அந்த ரோட்டில ஒன்னுமே நடந்ததில்ல” என்றார். உண்மைதான். நடந்ததில்லை.

நான்காம் வழியைச் சொன்னவர் மாமா மட்டுமே. இருபது ஆண்டுகள் கொழுந்து லொறி ஓட்டியவர், பேச்சுக் குறைவு. மூன்றாம் இரவுதான் வாய் திறந்தார்.

“தம்பி, ஆடியில அது உங்கப்பாவோட ரோட்டு. மார்கழியில அது மழையோட ரோட்டு.”

அப்பேச்சின் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. புவியியல் வகுப்பில் பருவக்காற்றைப் பற்றி எழுதிப் புள்ளி வாங்கியவன்தான் நான். ஆனால் அதை ஒரு வீதியின் மேல் வைத்துப் பார்க்க ஒருபோதும் தோன்றியதில்லை. ஆடியில் வீசுவது தென்மேற்குக் காற்று. அது மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மகியங்கனைப் பக்கத்துக்கு வறண்ட காற்றாகவே வந்து சேரும். தந்தையாரின் பாதை அம்மாதத்தில் காய்ந்து கிடக்கும். மார்கழியிலோ காற்று வடகிழக்கிலிருந்து வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் கீழைச் சரிவு, லக்கலை, மகியங்கனை, பதுளை, வெல்லவாயவின் மேட்டுப்புறம் எல்லாம் அதற்கு முகங்கொடுத்து நிற்பவை. மண் நீரைக் குடித்துக் கனத்துவிடுகின்ற காலம் அது. மாமாவின் நான்காம் வழி, மலையின் மறைவிலேயே மேற்காக இறங்கி, அக்காலத்தில் மழை குறைந்திருக்கும் தென்மேற்குக் கரையோரமாய்ப் போகிறது. தந்தையார் கூறிய முப்பது ஆண்டு அனுபவம் பொய்யன்று; அது ஆடி மாதத்து அனுபவம்.

இன்னொன்றையும் மாமா சொன்னார். பாரமேற்றிய உயர்ந்த வண்டி நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது பிறேக்கை மிதித்துக்கொண்டே போனால், அது சூடேறிப் பிடிக்கும் வலுவை இழந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கி, இயந்திரத்தைக் கொண்டே வண்டியை அடக்க வேண்டும். வெறும் வானுக்குப் பதினெட்டு வளைவு ஒரு பொருட்டன்று; மெத்தையும் அடுப்பும் தண்ணீரும் நோயாளியும் ஏறிய வானுக்கு அது வேறு இறக்கம். றிவர்ஸ்டன் மேட்டுக் காற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அச்சிரிப்போடு என் கட்சி கலைந்தது.

தந்தையார் விவாதிக்கவில்லை. “சரி மச்சான், ஓட்டுறவன் நீ” என்று கூறிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

புறப்படும் முன் மாமா நிலச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கச் சொன்னார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக அதனை வெளியிடுகின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் ஆயத்தம், 150 கடந்தால் வெளியேற்றம் என்பன அதன் படிகள். எங்கள் பயணத்தில் தவிர்க்கவியலாத மலைப்பாதை, வீட்டிலிருந்து மாத்தளை வரையிலான அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரும் கலகெதரை இறக்கமுமே. அவற்றை விடிந்த பின்னரே கடப்பதென்று மாமா கண்டிப்பாக இருந்தார். சாய்ந்த மின்கம்பமும், மேட்டில் புதிதாய்க் கசியும் சேற்றுநீரும் இருளில் கண்ணுக்குத் தெரியா. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, சில்லடியில் எலுமிச்சை வைத்துப் புறப்பட்டோம்.

பயணம் குறித்துச் சொல்ல அதிகமில்லை. பாதுகாப்பான பயணங்கள் யாவும் அப்படித்தான். அதிவேக வீதியில் தந்தையார் பெரும்பாலும் உறங்கினார். ஒருமுறை எழுந்து, “இதென்ன ரோட்டு? ஒரு தேத்தண்ணிக் கடை இல்ல, ஒரு மனுசன் இல்ல” என்றார். வானிலேயே ஓரிரவு தங்கி, கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் நீராடி, நேர்த்தி நிறைவேற்றித் திரும்பினோம். திரும்பும்போதும் அதே வழி. அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2025 மே 11 அன்று, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி மலைநாட்டினூடே சென்ற பேருந்து கொத்மலை கெரண்டியெல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் மற்றொரு பேருந்து கவிழ்ந்து பதினைவர் இறந்தனர். இவை மழையால் நேர்ந்தவை என்று நான் கூறவில்லை. அவ்விறக்கங்கள் ஓட்டுநரின் ஒரு பிழைக்குக்கூட இடம் வைப்பதில்லை என்பதை மட்டும் மாமா அறிந்திருந்தார்.

அவ்விரண்டு விபத்துகளுக்கும் இடையே, ஆனி மாதத்தில், தந்தையார் உறக்கத்திலேயே காலமானார். ஆடிக்கு மூன்று வாரங்கள் இருந்தன. அவருடைய பாதையை அவர் மீண்டும் காணவில்லை. மாமாவின் தீர்ப்பு சரியானதென்று இன்றும் கருதுகின்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும் இன்றும் கண்ணில் நிற்கின்றது. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. எங்கள் ஊருக்கு மேலேயுள்ள கம்மடுவையில் ஒரே நாளில் ஐந்நூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை வீழ்ந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான் பேராதனையில் இருந்தேன். நாற்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள வீட்டுக்குச் செல்ல அன்று எனக்கு நான்கு வழியல்ல, ஒரு வழியும் இல்லை, தொலைபேசியும் மௌனித்துவிட்டது. நான்காம் நாளே செய்தி கிடைத்தது. மழை கனத்த மாலையே மாமா வானை மேட்டிலிருந்து விலகிய சமதரையில், முகப்பு வீதியைப் பார்க்க நிறுத்திவிட்டு, தாயாரை அதற்குள் அழைத்துச் சென்றிருக்கிறார். தந்தையாருக்காக அடித்த பலகையில் இருவரும் மூன்று இரவுகளைக் கழித்திருந்தனர். வீட்டின் பின்சுவர் வெடித்திருந்தது, வீடு நின்றது.

அடுத்த ஆடியில் கதிர்காமம் போக வேண்டும், அதுவும் அவர் போன ரோட்டிலேயே போக வேண்டும் என்று தாயார் கூறுகின்றார். ஆடிதானே என்று நான் உடனே தலையாட்டினேன். மாமா ஆட்டவில்லை. புயலுக்கு முந்திய ஆடி வேறு, பிந்திய ஆடி வேறு என்பது அவர் எண்ணம் போலும். ஆனியில் ஒருநாள் தாம் தனியே பேருந்தில் மகியங்கனை வரை சென்று பார்த்து வருவதாகவும், அதன் பின்னரே பதில் சொல்வதாகவும் கூறியிருக்கின்றார். பகல் பேருந்தாக இருக்க வேண்டுமாம். முன் ஆசனம், சன்னலோரம்.