தாத்தாகிட்ட கேட்காத கேள்வி

உங்க தாத்தாகிட்டயோ அப்பாகிட்டயோ "யூரின் என்ன கலர்ல போகுது?"ன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? நானும் கேட்டதில்லை.

தாத்தா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், சாயப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் நகத்தைப் பார்த்தே அன்னைக்கு எந்தச் சாயம் ஓடியதுன்னு பாட்டி சொல்லிடுவாங்க. ஒருநாள் சிறுநீரில் ரத்தம். வலி இல்லை. மறுநாள் நின்றுவிட்டது. "உடம்பு சூடு"ன்னு மோர் குடித்துவிட்டு விட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தபோதுதான் எங்களுக்கே சொன்னார். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி.

நான் பயோடெக் ஃபைனல் இயர். அதே செமஸ்டரில் டெலோமரேஸ் என்ற நொதியைப் படித்துக்கொண்டிருந்தேன். 1984-ல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் கண்டுபிடித்தது. 2009 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு உண்டு. செல் பிரியப் பிரிய குரோமோசோமின் முனை தேயும். இந்த நொதி அதை நீட்டிக் கொடுக்கும். சாதாரண சிறுநீர்ப்பைச் செல்களில் இது பெரும்பாலும் தூங்கும். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களில் விழித்திருக்கும். அந்தச் செல்கள் சிறுநீரில் உதிர்வதால், நொதி வேலை செய்கிறதான்னு அதிலேயே பார்க்கலாம்.

"அப்போ ஒரு கப் யூரின் போதுமே!"ன்னு நானும் குதித்தேன். ஆனால் சிறுநீர்த் தொற்று இருந்தால் வரும் வெள்ளை அணுக்களிலும் இதே நொதி உண்டு. நோய் இல்லாதவருக்கும் 'பாசிட்டிவ்' காட்டலாம். சிறுநீரில் நொதி சீக்கிரம் சிதைந்தும் போகும். அப்போ நோய் இருப்பவரையே தவறவிடலாம். அதனால் இன்றும் டாக்டர் சிஸ்டோஸ்கோப் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்.

காரணம் சாயமா? 1895-லேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற சர்ஜன், சாய ஆலைத் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கவனித்துச் சொன்னார். பென்சிடின் சேர்ந்த சாயங்களுக்கு இந்தியாவில் 1990-களில்தான் தடை வந்தது. தாத்தா அதற்கு முன்பே டிரம் பக்கம் நின்றவர். பீடியும் பிடித்தவர், புகையிலையும் இதற்குப் பெரிய காரணம். எது என்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கட்டியை எடுத்தாச்சு. திரும்பி வரக்கூடிய நோய் என்பதால் செக்கப் தொடர்கிறது. மார்க்கர் பற்றி செமினாரில் இருபது ஸ்லைடு போட்டேன். ஆனால் எங்க வீட்டில் முதல் மார்க்கர் அந்த வலியில்லாத ரத்தம்தான். அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டார், கேட்க நான் கூச்சப்பட்டேன்.

இப்போ ஊருக்குப் போனதும் முதல் கேள்வியே அதுதான். "போடா, வேற பேச்சு இல்லையா"ன்னு திட்டுவார். ஆனா பதில் சொல்லிடுவார். நீங்களும் இன்னைக்கு வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க.