மஞ்சள் விளக்கும் ஒரு மிச்சக் கணக்கும்

வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பொதுவாக மூன்று வைத்தியம் உண்டு. ஒன்று, பார்க்காத மாதிரி இருப்பது. இரண்டு, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது. மூன்றாவதுதான், என்ன கோளாறு என்று பார்ப்பது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் 2024-இல் இந்த மூன்றும் இதே வரிசையில் நடந்தன.

வண்டி அப்பாவுடையது. ஓட்டுவது ஜி.எஸ்.டி. சாலையில், பெரும்பாலும் நைட் ஷிப்டுக்கு. வாங்கியது 2019-இல். 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி முழுமையாக அமலுக்கு வந்ததும் அந்த ஆண்டு ஏப்ரலில்தான். சாவியைத் திருப்பினால் ஏபிஎஸ் விளக்கு எரியும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். இந்த வண்டியில் அணையவில்லை. "இருவத்தஞ்சு வருஷம் இது இல்லாமதான்டா ஓட்டினேன்" என்று சொல்லி அப்பா டேப்பை ஒட்டிவிட்டார்.

அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஏபிஎஸ் செத்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் திடீரென்று பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகி வழுக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பெட்டி. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை ஒரு சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். லாக் ஆகப் போகிறது என்று தெரிந்தால் ஒரு வால்வு மூடும், இன்னொன்று திறக்கும், அழுத்தம் குறையும். வெளியேறிய பிரேக் ஆயிலைத் திரும்ப மேலே தள்ளுவதுதான் பம்ப்பின் வேலை. இது ஒரு நொடிக்குள் பல முறை நடக்கும். 1988-இல் பிஎம்டபிள்யூ கே100-இல் முதன்முதலாக வந்தபோது மொத்த அமைப்பும் சுமார் 11 கிலோ. இன்று அதே வேலையைச் செய்யும் யூனிட் ஒரு கிலோவுக்கும் குறைவு!

மகன் பி.காம். மூன்றாம் ஆண்டு. முதலில் ஃபியூஸைப் பார்த்தான். சென்சாரைத் துடைத்தான். கனெக்டரைக் கழற்றி மாட்டினான். ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேனர் வைத்துப் பார்த்த மெக்கானிக், பம்ப் மோட்டார் போய்விட்டது என்றார். "பிரேக் ஆயில் எப்ப தம்பி மாத்தினது?" என்றும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் இடித்தது. மாற்றவே இல்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் பில்லைப் பார்த்து, "இது வேண்டாம், இதைக் குறைச்சுடுங்க" என்று சொன்னது அவன்தான். சில நூறு ரூபாய் மிச்சம். வீட்டில் கெட்டிக்காரன் என்ற பேர் வேறு!

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. தண்ணீர் ஏறிய பிறகு அதற்கு வைத்திருக்கும் வரம்பே 155 டிகிரிதான். அந்த ஈரம் உள்ளே துருவையும் வளர்க்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள்.

மெக்கானிக் ஒரு வழி சொன்னார்: "இதைத் தூக்கிட்டு பைப்பை நேரா குடுத்துடலாம், செலவே இல்ல." புதுப்பேட்டையில் பழைய யூனிட் கிடைக்கும் என்றார் இன்னொருவர். முதல் வழியில் அப்பாவுக்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவதில், அந்த யூனிட் எந்த விபத்திலிருந்து வந்தது, உள்ளே எவ்வளவு துரு என்று யாருக்கும் தெரியாது. டியூஷன் எடுத்து லேப்டாப்புக்காகச் சேர்த்த பணம் புது யூனிட்டுக்குப் போனது. லேபருக்கு மிச்சம் இல்லை. ஆகவே வேலை வீட்டு வாசலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினான். சீட், டேங்க் இறங்கின. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்பதால் சுற்றிலும் துணி, பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர். எந்தப் பைப் எங்கே என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டி, இரண்டே பைப். போல்ட்டைத் தளர்த்தியதும் வழிந்த ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. புதிது தேன் போலத் தெளிவாக இருக்க வேண்டியது.

புது யூனிட்டின் அடைப்புகளைக் கடைசி நிமிடத்தில்தான் எடுத்தான். பழைய செம்பு வாஷர்களை வீசிவிட்டுப் புதியவை. டார்க் ரெஞ்ச் மட்டும் வாடகைக்கு. அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை: காற்று எடுப்பது. காலிப்பர் நிப்பிளில் ட்யூப் சொருகி, லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, லீவரை விட்டு... மூன்று மணி நேரம் ஆனது. லீவர் இன்னும் பஞ்சு மாதிரி அமுங்கியது. தம்ளரில் காபி கொண்டுவந்த அம்மா வண்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இரவு லீவரை இழுத்து ரப்பர் பாண்டால் கட்டி வைத்துவிட்டுப் படுத்தான். மீதிக் காற்று மேலே ஏறிவிடும் என்று மெக்கானிக் சொன்ன யோசனை. காலையில் மறுபடி கொஞ்சம் எடுத்ததும் லீவர் கெட்டியாக நின்றது. ஆனாலும் அவன் அப்படியே ரோட்டில் இறக்கவில்லை. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து ஒவ்வொரு போல்ட்டையும் காட்டினான். அவர் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்தார். காலி மைதானத்தில் முதலில் மெதுவாக ஓட்டி வெறும் பிரேக்கைப் பார்த்தான். பிறகு கொஞ்சம் வேகமெடுத்து, மண் கிடந்த இடத்தில் அழுத்திப் பிடித்தான். சக்கரம் லாக் ஆகவில்லை. விளக்கும் அணைந்தது.

சாயங்காலம் அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பிரேக்கு கையில துடிக்குதே, இப்படித்தான் இருக்கணுமா?"

"ஆமாப்பா. அப்படித்தான் இருக்கணும்."

பில்லில் குறைத்த கதையை அவன் அப்போதுதான் சொன்னான். அப்பா திட்டவில்லை. "மொத்தம் எவ்வளவுடா மிச்சம் பிடிச்ச?" என்று மட்டும் கேட்டார். கணக்குப் பாடத்தில் நல்ல மார்க் வாங்குபவனுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் அது லாபம் இல்லை, கடன். வட்டியோடு ஒரு நாள் வந்து நிற்கும். நல்ல வேளையாக இந்த வீட்டில் அது பணமாக மட்டும் வந்து நின்றது. டேப்பை உரித்தெடுத்த இடத்தில் பிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் அவன் கையெழுத்தில் ஒரு வரி: பிரேக் ஆயில், அடுத்த முறை 2026.

உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?