பாதாளத் தவளையும் பள்ளிக்கூடமும்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ் ஏறினால், வாளையாறு தாண்டியதும் பெயர்ப் பலகைகளில் மொழி மாறிவிடுகிறது. டீக்கடைப் பேச்சில் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும், தெற்கே இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பீர்மேடு பக்கமும் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. அங்கேயும் தவளைப் பாடம் என்றால் அந்தப் பழைய வட்டப் படம்தான்: குளத்தில் முட்டை, வாலுள்ள தலைப்பிரட்டை, கால் முளைத்த குஞ்சு, தவளை. வேடிக்கை என்னவென்றால், இந்த மலைகளின் தவளைகளில் பல அந்தப் படத்துக்குக் கட்டுப்படாதவை.

பாதாளத் தவளையையே எடுத்துக்கொள்ளலாம். ஊதிய உடல், சின்னத் தலை, கூர் மூக்கு, கத்தரிக்காய் நிறம். இடுக்கியின் கட்டப்பனையில், ஏலக்காய்த் தோட்டத்தை ஒட்டிக் கிடைத்த இதை எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய விஞ்ஞானி பிராங்கி போசைட்டும் 2003இல் உலகுக்கு அறிவித்தனர். 1926க்குப் பிறகு தவளை இனத்தில் புதிய குடும்பம் ஒன்று சேர்ந்தது அப்போதுதான். இதன் நெருங்கிய உறவினர்கள் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். இந்தியா அந்தத் தீவுகளோடு ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம் அது. வருடம் முழுக்க மண்ணுக்கடியில் கரையான் தின்று கிடக்கும் இது, பருவமழைக்கு முந்தைய மழையில் சில நாள் மட்டும் வெளியே வந்து, ஓடையில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிவிடும். மண்ணில் புதைந்து கிடக்கும் தவளைக்கு நுணல் என்று தனிப் பெயரே வைத்த மொழி தமிழ். வகுப்பில் அதை யாரும் சொல்வதில்லை.

தமிழகத்துக்கும் பங்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவிலிருந்து 2017இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது இனம், கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றி 2014இல் மறைந்த சுப்பிரமணியம் பூபதியின் பெயரைத் தாங்குகிறது.

ஆனைமுடி உச்சியில் இன்னொரு அதிசயம். 2010இல் விவரிக்கப்பட்ட செந்நிறப் புதர்த் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை; புல் அடியில் இடும் முட்டையிலிருந்து நேராகத் தவளைக் குஞ்சு வருகிறது. அறிந்தவரை அதன் உலகம் மொத்தமும் மூன்று சதுர கிலோமீட்டருக்குள்.

பாலக்காட்டு வயலின் கதை வேறு. அங்கே முதல் மழையில் ஆண் தவளைகள் மஞ்சளாக மாறி, தாடையில் நீலப் பை உப்பக் கத்தும். இவற்றின் கால்களை வெளிநாட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அனுப்புவதை மத்திய அரசு 1987இல் நிறுத்தியது. ஆனால் வயல் தப்பவில்லை. எழுபதுகளில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெல் பரப்பு இன்று சுமார் இரண்டு லட்சம். நெல் வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2008இல், பெரும்பகுதி போன பிறகு.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? கோவையிலிருந்து இயங்கும் ஜூ அவுட்ரீச் அமைப்பு முகமூடி, ராக்கி, கையேடு என்று பொட்டலம் கட்டி, விளையாட்டாகவே சொல்லப் பார்த்தது. தவளையை அருவருக்கும் நகரப் பிள்ளைக்கு அது சரி. இடுக்கியின் ஆதிவாசிக் குடியிருப்பில் சிக்கல் வேறு மாதிரி. பாதாளத் தவளையின் தலைப்பிரட்டைகள் அங்கே மழைக்கால உணவு. 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இதையே அந்த இனத்துக்கு நேரடி ஆபத்து என்றது. புயல் பயம் தெளியக் குழந்தைகளுக்குத் தவளைத் தாயத்து கட்டும் வழக்கமும் உண்டு. வெளியாள் வந்து 'தின்னாதே' என்றால் எடுபடாது. எந்தப் பாறையில் எத்தனை ஒட்டியிருக்கும் என்பது ஆசிரியரைவிட அந்தக் குழந்தைக்குத்தான் நன்றாகத் தெரியும். போன வருடத்தைவிடக் குறைவா என்று அதையே எண்ணச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு இடைஞ்சல், காலண்டர். பாதாளத் தவளை மேலே வருவது பெரும்பாலும் கோடை விடுமுறையில். ஜூனில் பள்ளி திறக்கும்போது அது மண்ணுக்குள் போயிருக்கும். ஆனால் அதன் குஞ்சுகள் வாயையே உறிஞ்சு கிண்ணமாக்கி, பாயும் ஓடையில் பாறையைப் பற்றிக்கொண்டு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும். கரையில் நின்று பார்க்கலாம். பாட்டிலில் பிடித்துப் போகத் தேவையில்லை.