பின்னால் வருபவருக்கு ஒரு சிவப்பு விளக்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். முதுநகர், சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வரிசையாக ஊர்கள். பகலில் பைக்கில் போனால் காற்று வாங்கலாம். ராத்திரியில் போனால் முன்னால் போகிற லாரியின் முதுகைப் படித்துக்கொண்டே போக வேண்டும். 'ஒலி எழுப்பவும்' பளிச்சென்று தெரியும். பிரேக் லைட்தான் தெரியாது!

காரணம் கடல். துறைமுகத்தில் மீன் ஏற்றுகிற வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டும். பல்பு ஹோல்டரில் பச்சை பூக்கும். எர்த் போகும். மிச்சத்தை ரோட்டுப் பள்ளங்கள் பார்த்துக்கொள்ளும். குண்டு பல்பின் இழை தலைமுடி மாதிரி மெல்லிசு, எத்தனை குலுக்கல்தான் தாங்கும்?

முதுநகர் பக்கம் ஒரு லாரி எலக்ட்ரிக் பட்டறை. வாசலில் நின்ற வண்டிக்கு வெளி விளக்குகளை எல்லாம் எல்.இ.டி.யாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, மொத்தமா மாத்துறீங்க?" என்றேன் டிரைவரிடம்.

"ராத்திரி ஓரம் கட்டினா லைட்டை அணைச்சிடுவேன் சார். காலைல பேட்டரி எழும்பலேன்னா ஓனருக்கு யார் பதில் சொல்றது? இப்ப அந்தப் பயம் இல்லை."

கணக்கு போட்டுப் பார்த்தேன். 5 வாட் பல்பு பத்து என்றால் 50 வாட். லாரிக்கு 24 வோல்ட். பத்து மணி நேரம் எரிந்தால் பேட்டரியிலிருந்து சுமார் 20 ஆம்பியர்-மணி காலி. எல்.இ.டி. ஒவ்வொன்றும் ஒரு வாட் என்றால் நாலுதான் செலவு. இருட்டில் விளக்கில்லாமல் நிற்கிற லாரி எத்தனை வீடுகளில் படத்துக்கு மாலை போட வைத்திருக்கிறது! அதற்குப் பின்னால் இப்படி ஒரு பேட்டரிக் கணக்கும் இருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. குண்டு பல்பின் இழை சூடேறி முழுசாக எரிய சுமார் 0.2 விநாடி ஆகும். எல்.இ.டி. உடனே எரியும். பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அந்த 0.2 விநாடியில் மூன்று மீட்டருக்கு மேல் வந்துவிடுவார். அதாவது ஒன்றரை பைக் நீளம். மண்டை உடைவதற்கும் உடையாததற்கும் அது போதும்.

"சும்மா மாட்டிட முடியாது சார்" என்றார் எலக்ட்ரீஷியன். "சிவப்பு மூடிக்குள்ள சிவப்பு எல்.இ.டி.தான் போடணும். வெள்ளை போட்டா ரோஸ் கலர்ல வெளுத்துத் தெரியும். பன்னண்டு வோல்ட் பல்பை இதுல மாட்டினா அன்னைக்கே கருகிடும்."

இண்டிகேட்டரைப் போட்டார். 'டிக்டிக்டிக்' என்று வேகமாகத் துடித்தது. 21 வாட் இழுத்த இடத்தில் மூணு, நாலு வாட் மட்டும் போனால், பழைய பிளாஷர் பல்பு பியூஸ் ஆகிவிட்டதென்று பதறுமாம்! ரெசிஸ்டர் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அது சுடும். மிச்சம் பிடித்த கரண்டையும் தின்றுவிடும். எல்.இ.டி.க்கென்றே உள்ள பிளாஷரை மாட்டினார். துடிப்பு நிதானமானது.

"ஹெட்லைட்டுக்கும் போட்டுடலாமா?" என்றார் டிரைவர் ஆசையாக.

"வேணாம்ணே. அந்த ரிப்ளெக்டர் ஹாலஜன் இழைக்குன்னே செஞ்சது. அதுல எல்.இ.டி.யை மாட்டினா வெளிச்சம் ரோட்டுல விழாது, எதிர்ல வர்றவன் கண்ணுல விழும்."

நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டியது 1962-ல். இந்த லாரியின் முதுகுக்கு அது வந்து சேர அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, வந்ததே!

வெள்ளாற்றைத் தாண்டினால் சிதம்பரம். நடராஜர் சன்னிதியில் திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும். அங்கே இருப்பது ஆகாயம், அதுதான் ரகசியம். பல லாரிகளில் சிவப்பு மூடியைக் கழற்றினாலும் ஆகாயம்தான். கோயிலில் அது தத்துவம். ரோட்டில் ஆபத்து!

லாரியை மட்டும் சொல்வானேன்? டெயில் லைட் ஓட்டுகிறவருக்குத் தெரியாத விளக்கு. அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. இன்றைக்கு ஆபீஸ் முடிந்து கிளம்பும்போது உங்கள் பைக்கை ஒரு சுவருக்கு முன்னால் முதுகு காட்டி நிறுத்தி, பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். சுவர் சிவந்தால் கிளம்புங்கள். சிவக்காவிட்டால் முதலில் பல்புக் கடை, அப்புறம் வீடு.