ஐந்தருவி ரோட்டுல ஒரு வீடு

"குற்றாலத்துல வீடு பாக்கறேன்"னு ஆபீஸ்ல சொன்னதும் நண்பன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு?". நாள் கணக்கு இல்லடா, குடும்பத்தோட குடி போறேன்னு சொன்னா ஒரு மாதிரி பார்த்தான். அவன் மேல தப்பில்ல. நம்ம மக்களுக்கு குற்றாலம்னா ரெண்டு நாள், ஒரு பாட்டில் எண்ணெய், நாலு துண்டு. அங்க போய் கேஸ் கனெக்‌ஷன் மாத்தறதைப் பத்தியெல்லாம் யாரு யோசிப்பா?

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். நான் பொட்டி தட்டறவன். கொரோனாவுக்கு அப்புறம் எங்க டீமுக்கு வீட்டுல இருந்தே வேலை. மாசத்துக்கு ஒரு தடவை சென்னை ஆபீஸ்ல தலையைக் காட்டினா போதும். குரோம்பேட்டையில ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு 18,000 வாடகை, கோடையில தண்ணி லாரி தனி. வீட்டுல நான், தங்கமணி, நாலு வயசு பொண்ணு, அம்மா. அப்பா 2022ல தவறிட்டார். அவருக்கு சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இப்ப அங்க சொந்தம்னு சொல்லிக்க யாரும் இல்ல. ஆனா சின்ன வயசு லீவுல அவர் தோள்ல உக்காந்து ஐந்தருவியில குளிச்சது மட்டும் மறக்கல. அவர் போனதுக்கப்புறம் அந்த ஊர் மேல ஒரு கிறுக்கு புடிச்சிருச்சு.

வெளியில சொல்றதுக்கு காரணங்களும் தோதா இருந்துச்சு. ஜோஹோ 2011லயே மத்தளம்பாறையில ஆபீஸ் போட்டாச்சு (நான் வேலை பாக்கறது அங்க இல்லீங்க). 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. ராத்திரி எழும்பூர்ல பொதிகை ஏறினா காலையில தென்காசி. வேறென்ன வேணும்?

2024 ஜூலையில வீடு பாக்கப் போனோம். அம்மாவை சித்தி வீட்டுல விட்டுட்டு நாங்க மூணு பேர் மட்டும். தப்பு அங்கயே ஆரம்பிச்சிருச்சுன்னு இப்ப தோணுது. நல்ல சீசன். சாரல் முகத்துல அடிக்குது, ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் தண்ணி, ரோட்டோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன். படகு விடற வெண்ணமடைக் குளத்தைத் தாண்டி ஐந்தருவி ரோட்டுல ஒரு வீடு. மாடி ரூம் ஜன்னலைத் திறந்தா நேரா மலை, மேல மேகம். வாடகை 9,000. நான் அங்கயே விழுந்துட்டேன். மனசுக்குள்ள டேபிளை ஜன்னலோரம் போட்டு, லேப்டாப்பையும் வச்சாச்சு.

இருந்தாலும் இஞ்சினியர் இல்லையா, சும்மா முடிவெடுக்க முடியுமா? ஊருக்கு வந்து எக்செல் ஷீட் போட்டேன். நாலு இடம். ஐந்தருவி ரோடு, இலஞ்சி, மேலகரம், தென்காசி டவுன். வாடகைக்கு இத்தனை மார்க், இன்டர்நெட், கரண்ட், ஸ்கூல் வேன், ரயில்வே ஸ்டேஷன் தூரம்னு ஒவ்வொண்ணுக்கும் மார்க். அப்புறம் "சூழல்"னு ஒரு காலம். அதுக்கு நூத்துக்கு முப்பது. ஐந்தருவி ரோடு ஜெயிச்சிருச்சு. ஜெயிக்கிற மாதிரி மார்க் போட்டவனே நான்தானே :-)

தங்கமணி ஷீட்டை ரெண்டு நிமிஷம் பார்த்தா. "அத்தை இதுல எங்க இருக்காங்க?"ன்னு மட்டும் கேட்டா. "ஹாஸ்பிடல் தூரம்னு ஒரு காலம் இருக்குல்ல?"ன்னேன். "அதுக்கு அஞ்சு மார்க்கு, ஜன்னலுக்கு முப்பதா?"ன்னுட்டு காபி போடப் போயிட்டா. அம்மாவுக்கு பத்து வருஷமா வீசிங் உண்டு. இன்ஹேலர் இல்லாம வெளிய கிளம்ப மாட்டாங்க. அது எனக்குத் தெரியாததா? ஆனா ஷீட் போடும்போது தோணல.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அம்மாவும் நாலு நாள் இருந்து பாக்கட்டும்னு தங்கமணி ஒரே பிடியா நின்னா. வீட்டுக்காரரும் சரின்னார். நவம்பர் கடைசியில போனோம். நான் சீசன்னு நினைச்சது ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வர்ற சாரலை மட்டும்தான். வடகிழக்குப் பருவமழையிலயும் அங்க கொட்டும்ங்கறது ஜன்னல் மயக்கத்துல ஞாபகத்துக்கு வரல. போதாததுக்கு ஐயப்ப சீசன். ஆரியங்காவு வழியா சபரிமலை போற, வர்ற வண்டியெல்லாம் குற்றாலத்துல நின்னு குளிச்சிட்டுத்தான் போகும். விடியக்காலையில இருந்து ரோட்டுல வேன் சத்தம், சரண கோஷம். ரெண்டு நாள் வந்துட்டுப் போறவனுக்கு அது அழகு. லேப்டாப்ல மீட்டிங் போட்டு உக்காந்தவனுக்கு?

அது கூட பரவாயில்ல. முதல் நாள் துவைச்ச துணி மூணாம் நாளும் ஈரம். சுவத்தோட ஒட்டின அலமாரியைத் திறந்தா பூஞ்சை வாடை. ஜன்னலைத் திறந்து வச்சா குரங்கு. ஜூலையில பக்கத்து வீடுன்னு நான் நினைச்சது, ஆளுங்களுக்கு ரூம் விடற வீடு. இப்ப பூட்டிக் கிடக்கு. எதிர்ல தோப்பு. அம்மா வாசல்ல நின்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, "பக்கத்துல யாருப்பா இருக்கா?"ன்னு கேட்டாங்க. "சீசனுக்கு நிறைய பேர் வருவாங்கம்மா"ன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. குரோம்பேட்டையில அவங்களுக்கு சாயங்காலம் அஞ்சரைக்கு மாடிப்படியில நாலு பேர் உண்டு. அப்பா போன வருஷம் அவங்களை நடமாட வச்சது அந்த நாலு பேர்தான். நானில்ல.

மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா கதவைத் தட்டினாங்க. பேச முடியல, நெஞ்சு ஏறி இறங்குது. இன்ஹேலர் நாலு தடவை அடிச்சும் அடங்கல. எங்ககிட்ட வண்டி கிடையாது. வெளிய அடை மழை, கரண்டும் இல்ல. கையில போனை வச்சிக்கிட்டு ரோட்டுக்கும் வீட்டுக்கும் ஓடறேன். இந்த ஊர்ல நான் யாரைக் கூப்பிடுவேன்? கடைசியில கொஞ்ச தூரம் தள்ளி நின்னிருந்த ஐயப்ப சாமிங்க வேன் டிரைவர் தூக்கத்துல இருந்து எழுந்து வந்தார். குற்றாலம் வந்து, மேலகரம் தாண்டி, தென்காசி ஆஸ்பத்திரி. பத்து கிலோமீட்டர் வரைக்கும் இருக்கும். அந்த அரை மணி நேரம் நான் அம்மா கையைப் புடிச்சிக்கிட்டு எண்ணினது ரெண்டே விஷயம். ஒண்ணு அவங்க மூச்சு, இன்னொண்ணு அந்த அஞ்சு மார்க்கு.

நெபுலைசர் வச்சதும் ஒரு மணி நேரத்துல சரியாச்சு. நல்லவேளை. டிரைவர் காசு வாங்க மாட்டேன்னுட்டார். விடிஞ்சப்புறம் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில நின்னேன். கடைக்கார அண்ணாச்சி, "யாருக்கு தம்பி சொகமில்ல?"ன்னு விசாரிச்சார். கதை மொத்தத்தையும் கொட்டிட்டேன். பொறுமையா கேட்டுட்டு டீயை நீட்டினார்.

"அருவியைப் பாக்கதுக்கு யாராவது வீடு எடுப்பாகளா தம்பி? பங்குனி, சித்திரையில வந்து பாத்தீயளா? பாறைதான் கெடக்கும். தண்ணி வத்துன பெறவும் அங்கன ஆளு இருக்கணும்லா? பகல்ல வீட்டுல யாரு இருக்கா, அவுகளுக்குப் பாருங்க வீடு."

சிம்பிளான விஷயம். பகல்ல நானும் வீட்டுலதான் இருப்பேன். ஆனா ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு. ஜன்னல் பக்கம் திரும்பறது ஒரு நாளைக்கு பத்து நிமிஷம் இருந்தா அதிகம். காலையில பதினோரு மணிக்கு கருவேப்பிலை இல்லன்னா ரோட்டுல இறங்கப் போறது அம்மாவும் தங்கமணியும். வேனுக்கு நிக்கப் போறது பொண்ணு. நான் பத்து நிமிஷத்துக்கு வீடு பார்த்திருக்கேன். அவங்களுக்கு அது நாள் முழுக்க.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். நான் தேடினது வீடே இல்ல. அப்பாவோட தோள். அது எந்த ரோட்டுலயும் வாடகைக்குக் கிடைக்காது. அதுக்காக அம்மாவை மலையடிவாரத்துல தனியா உக்கார வைக்கப் பார்த்தேன். அவங்க வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லவே இல்ல. "உனக்கு சரின்னா சரிப்பா"ங்கறதுதான் ஆரம்பத்துல இருந்து அவங்க பதில். இந்த பதிலை சம்மதம்னு எடுத்துக்கறது எவ்வளவு பெரிய சோம்பேறித்தனம்!

அன்னைக்கு சாயங்காலமே மத்த இடங்களைப் பார்த்தோம். இந்த தடவை அம்மாவை முன்னால விட்டு நாங்க பின்னால. இலஞ்சி ரொம்ப அழகு. வயல், குமாரர் கோயில், காத்து. அம்மாவுக்கும் புடிச்சிருந்துச்சு. ஆனா எங்களுக்குக் கிடைச்ச வீடு பஸ் ரோட்டுல இருந்து ரொம்ப உள்ள. டவுன்ல கோயில் பக்கத்துலயே ஒண்ணு இருந்துச்சு, படி செங்குத்து. கடைசியா மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல, பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம். தரைத்தளம், நல்ல வெயில் விழற வாசல், வாடகை 8,500. அம்மா உள்ள போய் சமையலறையைக் கூட பாக்கல. பக்கத்து வீட்டுத் திண்ணையில பூ கட்டிக்கிட்டிருந்த ஒரு அம்மாகிட்ட பேச ஆரம்பிச்சிட்டாங்க. இருபது நிமிஷம் கழிச்சு வந்து, "பால் அஞ்சரைக்கே வந்துருமாம்"ன்னாங்க. அவ்வளவுதான், வீடு முடிவாயிருச்சு.

எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் புகைஞ்சுது. ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டு மோட்டார் ரூம். தங்கமணிதான் சமாதானம் சொன்னா. "குற்றாலக் குறவஞ்சி பாடின திரிகூடராசப்பக் கவிராயருக்கே ஊர் மேலகரம்தான். அவரே இங்க இருந்துதான் மலையைப் பாடியிருக்கார், உங்களுக்கு என்ன?" விடுவேனா, "ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்துலயே வந்து தங்கலியா?"ன்னேன். "அவருக்கு வீட்டுல விருந்தாளி கூட்டம் எப்பவும் உண்டு. உங்களுக்கு யாரு வருவா?"ன்னா. கேம் ஓவர்.

2025 மே மாசம், ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி குடி வந்தோம். எல்லாம் பிரமாதம்னு சொல்ல மாட்டேன். சாரல் காத்து மேலகரத்துக்கும் வருது, அம்மாவுக்கு அந்த சீசன்ல ரெண்டு தடவை வீசிங் வந்துச்சு. ஆனா ரெண்டாவது தடவை நான் மீட்டிங்ல இருக்கும்போதே பக்கத்து வீட்டு அம்மா ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தகவல் அப்புறம்தான் வந்துச்சு. கோவப்படறதா, கும்பிடறதான்னு தெரியல. ராத்திரி தனியா போய் கும்பிட்டுட்டு வந்தேன்.

சீசன்ல சனி, ஞாயிறு எங்க ரோட்டுலயும் வண்டி நகராது. அருவிக்கு நாங்க திங்கக்கிழமை விடியக்காலையில போவோம். மலையில மழைன்னா போறதில்ல. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல 17 வயசு பையன் ஒருத்தன் போயிட்டான். ஊர்க்காரங்க தண்ணியை விட மேல இருக்கற மேகத்தைத்தான் பாப்பாங்கன்னு இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்.

போன வாரம் பொண்ணை ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போய் தோள்ல உக்கார வச்சேன். ரெண்டே நிமிஷம். "குளுருதுப்பா, வீட்டுக்குப் போலாம், ஆச்சி பூ கட்ட சொல்லித் தர்றேன்னாங்க"ன்னா. ஆச்சின்னா பக்கத்து வீட்டு அம்மா. சரின்னு துவட்டி பஸ் ஏத்திட்டேன்.

புது ஊருக்கு வீடு பாக்கறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். ஊர் ரொம்ப அழகா இருக்கற மாசத்துல போய் முடிவு பண்ணாதீங்க. வாடிக் கிடக்கற மாசத்துல ஒரு தடவை, மழையில ஒரு தடவை பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடலாம்னு பாருங்க. முக்கியமா, "உனக்கு சரின்னா சரி"ன்னு சொல்றவங்களை முதல்ல கூட்டிட்டுப் போங்க.

பி.கு: சீசனுக்கு தங்க வரலாமான்னு கேட்டு இதுவரைக்கும் பதினோரு போன் வந்தாச்சு. வாங்க, ஆனா ரெண்டு பெட்ரூம்தான். மலை மாடியில ஏறினாத்தான் தெரியும் :-)